பால் எடுக்கும் பம்ப்: பிரசவத்துக்கு முன்பே வாங்கலாமா?

வளைகாப்பு என்றால் வளையல், புடவை, ஐந்து வகைச் சாதம் என்று லிஸ்ட் போடுவோம். இப்போது சில வீடுகளில் அந்த லிஸ்டில் புதிதாக ஒரு சாமான் சேர்ந்திருக்கிறது. ப்ரெஸ்ட் பம்ப்! "கட்டாயம் வாங்கிடுடி, இல்லேன்னா கஷ்டப்படுவே" என்று ஆபீஸ் தோழி சொல்கிறாள். "நான் வரும்போது இங்கேயிருந்தே வாங்கிட்டு வர்றேன் அண்ணி" என்று அமெரிக்காவிலிருந்து நாத்தனார் போன் பண்ணுகிறாள். மாமியாரோ, "என்னம்மா இது, மாட்டுக்குக் கறக்கிற மெஷின் மாதிரி! குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி எதையும் வாங்கி வைக்கப்படாது" என்கிறார்.

யார் சொல்வது சரி?

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பம்ப் சில தாய்மார்களுக்கு வரப்பிரசாதம். பலருக்கு அது தேவையே இல்லை. இன்னும் சிலருக்கோ, தவறான பம்பை வாங்கி, தவறான நேரத்தில் வைத்து, 'எனக்குப் பாலே இல்லை' என்ற பயத்தைக் கிளப்பி, நல்லபடியாக ஊறிக்கொண்டிருந்த தாய்ப்பாலையே நிறுத்திவிடுகிறது. பணம் போனால் போகிறது, குழந்தையின் பாலல்லவா போகிறது! அதனால் கர்ப்பமாக இருக்கும்போதே விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்குப் பம்ப் தேவையா?

உங்களையே இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிறவரா? எத்தனை மாத லீவு? பெரிய நிறுவனங்களில் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பை 2017-ல் வந்த சட்டத் திருத்தம் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது (முதல் இரண்டு குழந்தைகளுக்கு). தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். ஆறு மாதம் கையில் இருந்தால், குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய காலம் முழுவதையும் வீட்டிலேயே கழித்துவிடலாம். அப்புறம் கூழ், மசித்த சாதம் என்று ஆரம்பித்துவிடுவதால், ஆபீஸ் நேரத்துக்குத் தேவைப்படும் பாலும் குறைந்துவிடும். இவர்களுக்கு அவசரமே இல்லை.

ஆனால் தனியார் பள்ளி ஆசிரியை, ஜவுளிக்கடை ஊழியர், சொந்தத் தொழில் பண்ணுகிறவர் என்று இரண்டு, மூன்று மாதத்திலேயே வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பம்ப் உண்மையாகவே கை கொடுப்பது இவர்களுக்குத்தான்.

இரட்டைக் குழந்தைகளா? குறைமாதத்தில் பிறக்கும் வாய்ப்பு இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறாரா? அப்படியானால் பம்பைப் பற்றி இப்போதே டாக்டரிடம் பேசி வையுங்கள். குழந்தை இன்குபேட்டரில் இருக்கும்போது, பிரசவமான சில மணி நேரத்திலேயே பால் எடுக்க ஆரம்பித்து, இரவு உட்பட ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை எடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும்.

இந்த எதுவும் இல்லை, வீட்டில்தான் இருக்கப் போகிறீர்கள், குழந்தையும் நன்றாகச் சப்பிக் குடிக்கிறது என்றால்? பம்ப் வாங்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

குழந்தை குடிப்பதும் மெஷின் இழுப்பதும்

பால் என்பது தொட்டியில் நிரப்பி வைத்த தண்ணீர் அல்ல. எடுக்க எடுக்க ஊறும் ஊற்று. குழந்தை சப்பும்போது தாயின் மூளைக்குச் செய்தி போகிறது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலைச் சுரக்க வைக்கிறது. ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன், சுரந்த பாலைக் காம்பை நோக்கித் தள்ளுகிறது. தாய்மார்கள் 'பால் இறங்குது' என்று சொல்வது இதைத்தான்.

குழந்தை குடிப்பதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் வேக வேகமாகச் சின்னச் சின்னச் சப்பல். பால் இறங்கியதும் நிதானமாக, ஆழமாக இழுத்து, 'க்ளக்' என்று விழுங்கும். நல்ல எலெக்ட்ரிக் பம்புகள் இதைக் காப்பி அடிக்கின்றன. முதல் இரண்டு நிமிடம் வேகமாக, மெதுவான அழுத்தத்தில். அப்புறம் நிதானமாக, கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில். டப்பாவின் மேல் 'இரண்டு கட்டம்' என்று போட்டிருப்பதற்கு இதுதான் அர்த்தம்.

பயம், வலி, கவலை இருந்தால் ஆக்ஸிடோசின் தயங்கும். மெஷின் எவ்வளவு விலையானாலும் பால் இறங்காது. குழந்தையின் போட்டோவைப் பார்ப்பது, அதன் சட்டையை முகர்வது, வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுப்பது, முதுகை யாராவது நீவிவிடுவது எல்லாம் பால் இறங்க உதவும்.

கையைவிட நல்ல பம்ப் உண்டா?

முதல் இரண்டு, மூன்று நாள் வரும் சீம்பால் கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதை மெஷினில் எடுத்தால் பாதி பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது கைதான் உசத்தி.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். காம்பிலிருந்து சுமார் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தள்ளி, கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயுமாக வையுங்கள். முதலில் நெஞ்சை நோக்கி அழுத்துங்கள். பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தேய்க்காதீர்கள், காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நகர்த்தி மறுபடியும் இதேபோல். வலித்தால் முறை தப்பு என்று அர்த்தம். பிரசவமான ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் ஒரு தடவை கேட்டுக் கற்றுக்கொண்டால் போதும். செலவு பூஜ்யம், கரண்ட் வேண்டாம், கழுவ வேண்டிய பாகமும் கிடையாது!

எத்தனை வகை?

ரப்பர் பல்பு வைத்த பம்ப்: பழைய கார் ஹாரன் மாதிரி இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் மலிவாகக் கிடைக்கும். இதை வாங்கவே வாங்காதீர்கள். பால் அந்த ரப்பர் பல்புக்குள் ஏறிவிடும். உள்ளே கழுவ வழியே இல்லை. அழுத்தம் எவ்வளவு என்பதும் நம் கையில் இல்லை, காம்பு புண்ணாகும்.

கைப்பிடி பம்ப்: பிடியை அமுக்கி அமுக்கி விட வேண்டும். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. எப்போதாவது பால் எடுக்கிறவர்களுக்கு இது தாராளமாகப் போதும். கரண்ட் போனாலும் கவலையில்லை. தினமும் மூன்று நான்கு முறை என்றால் மணிக்கட்டு வலித்துவிடும்.

எலெக்ட்ரிக் பம்ப், ஒரு பக்கம்: ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை எடுப்பவர்களுக்கு ஏற்றது.

எலெக்ட்ரிக் பம்ப், இரண்டு பக்கமும்: ஒரே சமயத்தில் இரண்டு மார்பிலும் எடுக்கும். 15 நிமிடத்தில் வேலை முடியும். முழுநேர வேலைக்குப் போகிறவர்களுக்கும் இரட்டைக் குழந்தைத் தாய்க்கும் இதுதான் லாபம்.

உடைக்குள் வைத்துக்கொள்ளும் பம்ப்: ஒயர் கிடையாது, சத்தம் குறைவு. ஆனால் விலை அதிகம், கழுவ வேண்டிய சின்னச் சின்னப் பாகங்களும் அதிகம். சுரப்பு நன்றாக நிலைத்த பிறகு பயன்படுத்தலாம். முதல் சில வாரங்களுக்கு இதையே நம்பியிருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரி ரகப் பம்ப்: கனமானது, விலையும் ஏராளம். குறைமாதக் குழந்தை, குழந்தை சப்பவே முடியாத நிலை போன்ற நேரங்களில் தேவைப்படும். இதை வாங்க வேண்டியதில்லை. வாடகைக்குக் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியிலேயே விசாரியுங்கள்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

1. புனல் அளவு. மார்பின் மேல் வைக்கும் புனல்தான் பம்பின் உயிர்நாடி. 21, 24, 28 மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் வருகிறது. பார்க்க வேண்டியது காம்பின் குறுக்களவை மட்டுமே. மார்பு எவ்வளவு பெரியது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இழுக்கும்போது காம்பு குழாயின் ஓரத்தில் உரசினால் அளவு சின்னது. காம்போடு சுற்றியுள்ள கருவளையமும் நிறைய உள்ளே போனால் அளவு பெரியது. பிரசவத்துக்குப் பிறகு காம்பின் அளவு மாறலாம். முன்கூட்டியே வாங்கக் கூடாது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேறு அளவுப் புனல் தனியாகக் கிடைக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள்.

2. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. அழுத்தம் அதிகமானால் பால் அதிகமாக வரும் என்பது தப்புக் கணக்கு. வலி இல்லாத அளவுதான் சரியான அளவு. வலித்தால் பால் இறங்குவதே நின்றுபோகும்.

3. பால் மோட்டாருக்குள் போகாத அமைப்பு. பாலுக்கும் மோட்டாருக்கும் நடுவே தடுப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாலின் ஈரம் டியூப் வழியாக உள்ளே போய்ப் பூஞ்சை பிடிக்கும். கடைக்காரரிடம் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

4. கரண்ட். நம் ஊர் மின்வெட்டுக்கு பேட்டரியிலும் ஓடுகிற பம்ப் நல்லது. வெளிநாட்டிலிருந்து வருகிறதென்றால் சார்ஜரில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230. வெறும் பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும்.

5. உதிரி பாகம். வால்வு என்ற சின்ன ரப்பர் துண்டு தேய்ந்தாலே இழுப்பு குறைந்துவிடும். "என்னமோ பம்ப் சரியா இழுக்கலை" என்கிற புகார் பாதி அதனால்தான். அந்தத் துண்டு இங்கேயே கிடைக்குமா? வாரண்டி இந்தியாவில் செல்லுமா? வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

6. எத்தனை பாகம்? பாகம் குறையக் குறையக் கழுவும் வேலை குறையும். ராத்திரி இரண்டு மணிக்கு இதன் அருமை தெரியும்!

அக்கா உபயோகித்த பம்ப் வேண்டாமே...

"அக்காவுக்கு வாங்கினது சும்மாதானே கிடக்கு, எடுத்துக்கோ" என்பார்கள். கைக்குழந்தையின் சட்டை, தூளித் துணி, தொட்டில் எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். பம்ப் மட்டும் வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கான பம்புகளில் பெரும்பாலானவை ஒரே ஒருவருக்காகச் செய்யப்பட்டவை. மோட்டாருக்குள் போன பாலை வெந்நீர் போட்டுக் கழுவ முடியாது. சில கிருமிகள் தாய்ப்பால் வழியாகப் பரவக்கூடியவை. பலர் பயன்படுத்தலாம் என்று தயாரித்தவர்களே சொல்லும் ஆஸ்பத்திரி ரகத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அதிலும் புனல், டியூப், பாட்டில் எல்லாம் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

கர்ப்பத்தில் 'டெஸ்ட்' பண்ணாதீர்கள்!

இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். பம்ப் வீட்டுக்கு வந்துவிட்டது, வேலை செய்கிறதா பார்ப்போமே என்று கர்ப்பமாக இருக்கும்போது மார்பில் வைத்துப் பார்க்கவே கூடாது. காம்பு தூண்டப்பட்டால் ஆக்ஸிடோசின் சுரக்கும். அதே ஹார்மோன்தான் கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கிறது. நாள் நிறையும் முன்பே வலி எடுக்கலாம். இழுப்பு இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலே போதும்.

காம்பு உள்ளே போயிருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களும் கர்ப்பத்தில் எதையும் இழுத்துவிட வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள். பிரசவத்துக்குப் பிறகு, ஊசி போடும் சிரிஞ்சின் முனையை வெட்டி, பிஸ்டனைத் திருப்பிச் சொருகிக் காம்பை வெளியே கொண்டுவரும் எளிய முறையை நம் ஆஸ்பத்திரிகளிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பாட்டிலைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

வீட்டில் பிரச்னை ஆரம்பிப்பது இங்கேதான். பம்ப் வைத்துப் பார்க்கிறாள் தாய். பாட்டிலின் அடியில் 30 மில்லி. "இவ்வளவுதானா? அதான் குழந்தை அழுதுகிட்டே இருக்கு. பவுடர் பால் வாங்கிட்டு வாப்பா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஒரு வேளை பவுடர், இரண்டு வேளை பவுடர் என்று போகப் போக குழந்தை மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பு குறையும். பத்தே நாளில் அந்தப் பேச்சு உண்மையாகிவிடும்!

உண்மை என்ன தெரியுமா? குழந்தை குடித்து முடித்த பிறகு பம்ப் வைத்தால் 15 முதல் 60 மில்லி வருவதே இயல்பு. குழந்தையின் வாய்க்கு இணையான மெஷின் இன்னும் வரவில்லை. பால் போதுமா என்பதைக் குழந்தையிடம்தான் பார்க்க வேண்டும். முதல் வாரம் கழிந்ததும் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா? எடை ஏறுகிறதா? குடித்ததும் கை விரல்கள் தளர்ந்து நிம்மதியாகத் தூங்குகிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் பால் போதும். பாட்டிலில் எத்தனை மில்லி என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஃப்ரீசரை நிரப்ப வேண்டும் என்று தேவையில்லாமல் பம்ப் பண்ணிக்கொண்டே இருந்தால் சுரப்பு அளவுக்கு மிஞ்சி, பால் கட்டிக்கொண்டு அவஸ்தைப்பட நேரும். மார்பு கனத்தால் பாரம் குறையும் அளவுக்கு எடுத்தால் போதும். மார்பு சிவந்து, காய்ச்சலும் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

எடுத்த பாலை என்ன செய்வது?

* 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் 4 மணி நேரம் வைக்கலாம். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது. எடுத்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.
* ஃபிரிட்ஜில் 4 நாள். கதவுப் பக்கம் வைக்காமல் உள்பக்கம் வையுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள்.
* ஃப்ரீசரில் 6 மாதம் வரை. அடிக்கடி கரண்ட் போகிற வீட்டில் இவ்வளவு நாள் வைக்க வேண்டாம். உருகிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.
* அடுப்பில் காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவிலும் வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டம்ளரோடு வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். மேலே ஆடை மாதிரி கொழுப்பு பிரிந்து நிற்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும்.
* குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

கொடுப்பதற்குப் பாட்டில் வேண்டாம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பாலாடையோ சங்கோ இருக்கிறதே! குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே பாலாடையில்தான் கொடுக்கிறார்கள். கொதிநீரில் போட்டு எடுத்து, குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பாட்டிலுக்குப் பழகி மார்பை மறக்கும் தொல்லை இல்லை.

பம்பின் பாகங்களை ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் போடாமல் தனிக் கிண்ணம், தனி பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு தடவை ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள் (கொதிக்க வைக்கலாம் என்று அட்டையில் போட்டிருக்கும் பாகங்களை மட்டும்). புடவைத் தலைப்பில் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது...

சேரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் பழகத் தொடங்குங்கள். காலையில் பால் நிறைய இருக்கும். குழந்தை குடித்த பிறகு ஒரு தடவை எடுத்து வையுங்கள். பாலாடையில் கொடுத்துப் பழக்கும் வேலையை அம்மாவிடமோ மாமியாரிடமோ விடுங்கள். ஆபீஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். ஐஸ் பேக் வைத்த பையில் பால் 24 மணி நேரம் தாங்கும்.

கேட்கக் கூச்சப்படாதீர்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைச் சட்டமே தருகிறது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வர அனுமதிக்க வேண்டும். கழிப்பறையில் உட்கார்ந்து எடுக்க வேண்டிய தலையெழுத்து யாருக்கும் இல்லை. பூட்டக்கூடிய ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் போதும். வெளியூர் போகிறவர்களுக்கு, தமிழகப் பஸ் நிலையங்களில் 2015-ல் திறக்கப்பட்ட பாலூட்டும் அறைகள் இருக்கின்றன.

சில சந்தேகங்கள்

பம்ப் வைத்தால் பால் வற்றிவிடும் என்கிறார்களே?
நேர்மாறு. எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காமல் தேங்க விட்டால்தான் வற்றும்.

பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பம்ப் எடுத்துப் போகணுமா?
சாதாரணமாக வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடச் சொல்லுங்கள். அதுதான் முதல் தேவை.

எனக்குப் பால் மிச்சமாகிறதே, என்ன செய்வது?
தாய்ப்பால் வங்கிக்குத் தரலாம். நம் நாட்டில் முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. உங்கள் ஊர்ப் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். ரத்தப் பரிசோதனை செய்து, பாலைப் பதப்படுத்தி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள்.

ஆகவே, இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எந்த வகை உங்களுக்கு ஒத்துவரும், எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்து மூன்று, நான்கு வாரம் ஆகட்டும். பால் நன்றாக ஊறி, காம்பின் அளவு தெரிந்து, தேவையும் புரிந்த பிறகு வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பலாம். மாமியார் பேச்சைக் கேட்ட மாதிரியும் ஆச்சு, சரியான சாமானை வாங்கின மாதிரியும் ஆச்சு!